சம்படம் கொண்டுபோனால்தான் அரிசி: வேளச்சேரிக் கடை ஒன்று

வேளச்சேரியில் எங்கள் தெருவுக்கு அடுத்துள்ள இந்தச் சிறிய மளிகைக் கடைக்கு ஆறு மாதங்களாகப் போய்வருகிறேன். மரபு நெல் அரிசி, சிறுதானியம், மரச்செக்கு எண்ணெய் ஆகியவைதான் முதன்மைச் சரக்கு. எதையும் பாக்கெட்டில் கட்டி வைப்பதில்லை. எவர்சில்வர் டிரம்மிலிருந்து அள்ளி, நாம் கொண்டுபோகும் பாத்திரத்தில் நிறுத்துப் போடுகிறார்கள். முதல் தடவை வெறும் சம்படத்தை எடைபோட்டு மூடியில் மார்க்கரால் குறித்துவிடுவதால், பிறகு அந்த வேலை மிச்சம்.

தூயமல்லியும் மாப்பிள்ளைச் சம்பாவும் எப்போதும் கிடைக்கும். கறுப்புக்கவுனி வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். மாப்பிள்ளைச் சம்பாவை ஊறவைக்காமல் குக்கரில் ஏற்றி, ஏழு விசிலுக்குப் பிறகும் நறுக்கென்று கடிபட்ட சோற்றை மென்று விழுங்கிய நாள் உண்டு. முந்தின இரவே ஊறப்போட்டால் பதமாக வேகும், மறுநாள் நீராகாரத்துக்கும் அதுவே பொருத்தம். தவிடு போகாத அரிசியில் நார்ச்சத்து கூடுதல் என்பது சரி. ஆனால் சுவரில் எழுதி ஒட்டியிருப்பதுபோல் அது சர்க்கரை நோயைத் தீர்த்துவிடாது, அந்தத் தாளைக் கிழித்துவிடுவது நல்லது. நெல் ஜெயராமன் ஊர் ஊராகத் தேடி மீட்ட 170க்கும் மேற்பட்ட ரகங்கள் வயலில் நீடிக்க வேண்டுமானால் அவற்றை வாங்கிச் சமைக்க ஆள் வேண்டும் என்பதால்தான், பொன்னியைவிடக் கூடுதலான விலையைக் கொடுக்க எனக்கு மனம் வருகிறது.

பாக்கெட் இல்லாததன் அருமை இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். பக்கத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடு. அது எழுந்ததே, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று 2022இல் ராம்சர் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல்தான். பூநாரையும் கூழைக்கடாவும் இரைதேடும் நீர் அது. எங்கள் வீட்டுப் பழைய பருப்புக் கவர்களில் எத்தனை அங்கே கிடக்கின்றனவோ! அதே 2022இல் மனித இரத்தத்திலும் நுண்நெகிழி இருப்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

இவ்வளவு கவனமான கடை, வீட்டுக்கு அனுப்பும் சரக்கை மட்டும் தடித்த நெகிழிக் கவரில் போட்டு டேப் சுற்றி அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டதற்கு, வண்டியில் கொட்டிவிடுகிறது என்றார்கள்; பைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு துணிப்பையில் தரலாமே. டிரம்மில் வசம்பு போட்டும் ஒருமுறை கேழ்வரகில் வண்டு இருந்தது. மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள்.

ஞாயிறு மாலையில் கூட்டம் நெரியும், காலையில் போங்கள். எண்ணெய்ப் பாட்டிலை முந்தின நாளே கழுவி வெயிலில் காயவையுங்கள். உள்ளே சொட்டு ஈரம் தெரிந்தாலும் ஊற்ற மறுத்துவிடுகிறார்கள்.