பழைய ஹார்ட் டிஸ்கை கடையில விட்டுட்டு வராதீங்க, மெயில் பாஸ்வேர்ட் அதுக்குள்ளதான் இருக்கு

வீட்ல அப்பாவோ மாமாவோ கம்ப்யூட்டர்ல தண்டர்பேர்ட்ங்குற மெயில் சாஃப்ட்வேர் போட்டு மெயில் பாக்குறவங்களா இருந்தா தயவுசெஞ்சு இத முழுசா படிங்க. எங்களுக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக்கூடாது.

அப்பாவுக்கு 68 வயசு, நங்கநல்லூர்ல வீட்லயே உக்காந்து தி.நகர் மாம்பலம் பக்கம் இருக்குற சின்ன கடைக்காரங்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டு குடுக்குறாரு. சொந்த பேர்ல ஒரு டொமைன் (இன்டர்நெட் முகவரி), அதுல ஆபீஸ் மெயில், அது போக ஒரு ஜிமெயில், ரெண்டும் தண்டர்பேர்ட்லதான். மழை நேரத்துல கரண்ட் ஏறி எறங்கி கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்ல, ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துட்டு போனாரு. அவங்க பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா எஸ்எஸ்டின்னு புது வகை டிஸ்க் மாத்தி, பழைய டேட்டாவ புதுசுல ஏத்தி, "ஈமெயில் செக்யூரிட்டி செட்டப்"னு தனியா 2,500 ரூபா போட்டு பில் குடுத்தாங்க. பழைய டிஸ்க் எங்கன்னு கேட்டதுக்கு "அது டெட் ஆயிடுச்சு அங்கிள், ஸ்க்ராப்தான்"னு சொல்லிட்டாங்க. டெட் ஆன டிஸ்க்ல இருந்து எப்படி எல்லா டேட்டாவும் வந்துச்சுன்னு அப்பாவுக்கு கேக்க தோணல, அன்னைக்கு நான் கூட போயிருந்தா எனக்காவது தோணியிருக்கும், அதுதான் இன்னும் மனசு அடிச்சுக்குது.

மூணு வாரம் கழிச்சு பாத்திரக்கடை அண்ணாச்சி ஃபோன் பண்ணி "சார், புது அக்கவுண்ட்ல பணம் போட்டேனே, வந்துச்சா?"ன்னு கேட்டாரு. எந்த புது அக்கவுண்ட்? அவருக்கு அப்பாவோட நிஜ ஐடில இருந்தே, ஏற்கனவே பேசிட்டு இருந்த மெயிலுக்கு ரிப்ளையா, பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு வருஷ ஃபீஸ இதுல போடுங்கன்னு போயிருக்கு, அவரும் நம்பி 18,000 ரூபா அனுப்பிட்டாரு. அப்பாவோட சென்ட் ஃபோல்டர்ல அந்த மெயிலே இல்ல, அனுப்புனவன் அழிச்சிருக்கான். அப்பா அன்னைக்கு சாப்பிடவே இல்ல. 30 வருஷமா சேத்த பேரு, "நான் யாருக்கும் பாஸ்வேர்ட் சொல்லவே இல்லம்மா"ன்னு திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருந்தாரு.

அவர் சொன்னது நிஜம்தான், ஆனா சொல்லணும்னு அவசியமே இல்ல, இதுதான் எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம். தண்டர்பேர்ட்ல "பாஸ்வேர்ட ஞாபகம் வச்சுக்கோ"ன்னு டிக் பண்ணா அது ப்ரொஃபைல் ஃபோல்டர்ல, அதாவது தண்டர்பேர்ட் எல்லாத்தையும் சேத்து வைக்கிற ஃபோல்டர்ல, லாகின்ஸ்.ஜேசன் (logins.json)னு ஒரு ஃபைல்ல போய் உக்காந்துக்கும், அத பூட்டுற சாவி கீ4.டிபி (key4.db)ன்னு பக்கத்துலயே இன்னொரு ஃபைல்ல இருக்கும். ப்ரைமரி பாஸ்வேர்ட்னு, சேவ் பண்ண எல்லா பாஸ்வேர்டையும் பூட்டுற பாஸ்வேர்ட் ஒண்ணு வைக்கலன்னா பூட்டும் சாவியும் ஒரே ஃபோல்டர்ல இருக்குற மாதிரிதான், அந்த ஃபோல்டர காப்பி பண்ணி வேற கம்ப்யூட்டர்ல போட்டா மெயில் அப்படியே ஓடும், பாஸ்வேர்டையும் படிக்கலாம். விண்டோஸ் பாஸ்வேர்ட் போட்டிருந்தாலும் டிஸ்கை கழட்டி வேற மெஷின்ல மாட்டினா, என்கிரிப்ட் பண்ணாத (சாவி இல்லாம படிக்க முடியாதபடி பூட்டாத) டிஸ்க்னா, அது எதையும் தடுக்காது.

நான் உக்காந்து செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டி போய் சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ், ஷோ பாஸ்வேர்ட்ஸ் அமுக்குனேன். ஆபீஸ் மெயில் பாஸ்வேர்ட் பச்சையா தெரிஞ்சுது, அப்பா பேரும் என் பொறந்த வருஷமும். ப்ரைமரி பாஸ்வேர்ட் வைக்கவே இல்ல. அக்கவுண்ட் செட்டிங்ஸ தொறந்து பாத்தா இன்னும் மோசம், கனெக்‌ஷன் செக்யூரிட்டி "நன்" (None), அதாவது எந்த பாதுகாப்பும் இல்ல, போர்ட் 143, பாஸ்வேர்ட் பாதுகாப்பு இல்லாம போகுதுன்னு தண்டர்பேர்டே அங்க எழுதி வச்சிருக்கு. போற வழியில யாரும் படிக்க முடியாதபடி பூட்டுற எஸ்எஸ்எல் போட்டு போர்ட் 993ல வைக்க ரெண்டு நிமிஷம் ஆகுமா? அதுக்குத்தான் 2,500 வாங்குனாங்க. டிஸ்க் வழியா போச்சா இந்த ஓட்டை வழியா போச்சான்னு என்னால நிரூபிக்க முடியாது, கடையில போய் கேட்டதுக்கு "நாங்க ஆயிரம் மெஷின் பாக்குறோம் மேடம்"னு சொல்லி அடுத்த கஸ்டமர கூப்ட்டாங்க.

ஜிமெயிலுக்கும் அதே பாஸ்வேர்ட்தான் அப்பா வச்சிருந்தாரு, அது தப்பிச்சதுக்கு காரணம் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். யாரோ உள்ள வர பாத்தப்ப ஃபோன்ல "நீங்கதானா"ன்னு கேட்டிருக்கு, அவர் "இல்ல"ன்னு அமுக்கிட்டு எங்கிட்ட சொல்லாம விட்டுட்டாரு. அந்த மாதிரி கேட்டா உடனே வீட்ல சொல்ல சொல்லுங்க, அது எச்சரிக்கை மணி.

நாங்க பண்ணது: முதல்ல சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு ஃபோன், அண்ணாச்சியையும் பேச வச்சோம், சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார். பணம் போன அந்த அக்கவுண்ட்ல மிச்சம் இருந்த 6,500 மட்டும் நிறுத்தி வச்சிருக்காங்க. பாஸ்வேர்ட ப்ரவுசர்ல தொறக்குற மெயில் கம்பெனியோட வெப்மெயில்ல போய் மாத்தினோம், தண்டர்பேர்டுக்குள்ள மாத்துனா மாறிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது சேவ் பண்ணி வச்சத மட்டும்தான் மாத்தும், சர்வர்ல பழசே இருக்கும். வெப்மெயில்ல ஃபார்வர்டிங் ரூல் ஒண்ணு இருந்துச்சு, அப்பாவுக்கு வர்ற ஒவ்வொரு மெயிலும் தெரியாத ஒரு ஐடிக்கு போயிட்டு இருந்துருக்கு. பாஸ்வேர்ட் மாத்துனா மட்டும் இது நிக்காது, தேடி எடுக்கணும், இத தயவுசெஞ்சு மறக்காதீங்க.

ஜிமெயில நீக்கிட்டு ஓஆத்2ல திரும்ப சேத்தேன், அதுல கூகுள் பக்கத்துல லாகின் பண்ணா போதும், பாஸ்வேர்ட் தண்டர்பேர்ட்ல சேவ் ஆகாது, உள்ள போக கூகுள் குடுக்குற அனுமதி சீட்டு மாதிரி ஒரு டோக்கன்தான் சேவ் ஆகும். அந்த டோக்கனும் அதே ஃபோல்டர்லதான் இருக்கும், அதனால ப்ரைமரி பாஸ்வேர்ட் கட்டாயம். சம்பந்தமே இல்லாத நாலஞ்சு தமிழ் வார்த்தைய சேத்து இங்கிலீஷ் எழுத்துல நீளமா வச்சோம், அப்பாவுக்கு ஞாபகம் இருக்கு. தண்டர்பேர்ட் தொறந்தா ஒரு தடவ கேக்கும், அவ்ளோதான். அத மறந்தா மீட்க வழி இல்ல, ரீசெட் பண்ணா சேவ் பண்ண பாஸ்வேர்ட் எல்லாம் போயிடும், மெயில் எதுவும் அழியாது, அதனால பீரோல ஒரு நோட்ல எழுதி வச்சிருக்கோம்.

அப்பா ரெண்டு நாள் உக்காந்து ஒவ்வொரு கடைக்காரருக்கும் அவரே ஃபோன் பண்ணி சொன்னாரு, குரல் நடுங்குச்சு. அண்ணாச்சி மிச்ச பணத்த பத்தி ஒரு வார்த்த பேசல, இருந்தாலும் அடுத்த வருஷ ஃபீஸ் வேணாம்னு அப்பா சொல்லிட்டாரு. அந்த 500 ஜிபி டிஸ்க் எங்க இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் கடைக்காரங்க சொல்லல.