எட்டுப் பிள்ளைகளின் வகுப்பு

கனடாவின் வின்னிபெக் நகரில் நாங்கள் வளர்த்துவரும் பையனுக்கு ஒன்பது வயது. கருவிலிருந்தபோது மது பட்டதால் வரும் மூளைக் குறைபாடு அவனுக்கு. இப்பாதிப்புக்கு 1973-இலேயே மருத்துவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். அவனுடைய பழைய பள்ளியோ அதற்குச் 'சேட்டை' என்று பெயர் வைத்திருந்தது.

இந்தச் சிறப்பு வகுப்பில் சேர்த்து ஓராண்டாகிறது. மொத்தம் எட்டுப் பிள்ளைகள். மங்கலான விளக்கு, வெறுமையான சுவர், சத்தம் வராமலிருக்க நாற்காலிக் கால்களில் டென்னிஸ் பந்துகள். மேசையில் அன்றைய வேலைகள் படங்களாக ஒட்டியிருக்கும். கணக்கு முடிந்ததும் அந்தப் படத்தைப் பிய்த்துப் பெட்டியில் போடுவான். அந்த 'டப்' சத்தத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்!

"மேசையை ஒழுங்குபடுத்து, குளிர்கோட்டை மாட்டு, வரிசையில் நில்" என்றால் கடைசிச் சொல் மட்டுமே அவனிடம் தங்கும். இங்கே ஆசிரியை "குளிர்கோட்டை எடு" என்பார். பிறகு காத்திருப்பார். நேற்றுத் தெரிந்த பெருக்கல் இன்று மறந்துபோனாலும் முகம் சுளிக்காமல் மறுபடி தொடங்குவார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

குறையும் உண்டு. ஆசிரியை விடுப்பெடுத்தால் மாற்றாக வருபவருக்கு எதுவும் தெரிவதில்லை. பிப்ரவரியில் ஒருநாள் படங்களை மாட்டவேயில்லை. பையன் மதியம்வரை மேசைக்கடியில் இருந்தான். அவசர நாளுக்கென்று ஒரு பக்கக் குறிப்பை எழுதி வகுப்பிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வைத்தபாடில்லை.