பேஸ் கன்ட்ரோல் மாற்றி இரண்டு வருஷம்

அப்பா எண்பதுகளில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் தொட்டாலே கரகரவென்று சத்தம். போகப் போக இடது ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். குமிழை ஒரு தட்டு தட்டினால் மறுபடி பாடும். கான்டாக்ட் க்ளீனர் அடித்தேன், மூன்று வாரம் தாங்கியது. மறுபடி அடித்தேன், பத்து நாள். கழற்றிப் பிரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அழுக்கு இல்லை, குமிழுக்குப் பின்னால் இருக்கும் கன்ட்ரோலுக்குள் முனை உரசி ஓடும் கார்பன் தடமே தேய்ந்து நடுவில் வெளுத்துக் கிடந்தது. அதற்கு ஸ்ப்ரே என்ன செய்யும்?

சரி, புதுக் கன்ட்ரோல் போட்டுவிடலாம் என்று சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போய் 'ஸ்டீரியோ, 100கே' (100 கிலோ ஓம் மின்தடை) என்று கேட்டு வாங்கி வந்தேன். ஆறு கால், போர்டில் அச்சாக உட்கார்ந்தது. பாட்டுப் போட்டால், குமிழ் நடுவில் இருக்கும்போதே பேஸைக் காணோம். கன்ட்ரோலின் முதுகைப் பார்த்தேன்: ஏ100கே. ஏ என்றால் லாக், அதாவது திருப்பும் அளவுக்குச் சீராக மின்தடை மாறாத வகை; வால்யூமுக்குப் போடுவது. டோனுக்கு, அதாவது பேஸைக் கூட்டிக் குறைக்கும் பகுதிக்கு, என் செட்டில் இருப்பது பீட்டர் பாக்ஸண்டால் 1952இல் வெளியிட்ட சர்க்யூட் வகை. அதில் குமிழ் நடுவில் நிற்கும்போது இரண்டு பக்கமும் மின்தடை சமமாக இருக்க வேண்டும். மீட்டர் வைத்தால் ஒரு பக்கம் 14கே, மறுபக்கம் 86கே. எங்கிருந்து பேஸ் வரும்! மறுநாள் லீனியர், அதாவது மின்தடை சீராக மாறும் பி100கே வாங்கினேன். "டோனுக்குன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார் கடைக்காரர்.

ஆறு மாதம் நிம்மதி. அப்புறம் அதே கரகர. டூப்ளிகேட் சரக்கு என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டேதான் மூடியைத் திறந்தேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. கன்ட்ரோலின் நடுக்காலில் 0.4 வோல்ட் டிசி, அதாவது திசை மாறாத மின்னழுத்தம் நின்றது. அங்கே டிசியே இருக்கக் கூடாது. முந்தைய கட்டத்திலிருந்து பாட்டை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய 4.7 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெப்பாசிட்டர் டிசியைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. தடத்தில் டிசி நின்றால் புத்தம்புதுக் கன்ட்ரோலும் கரகரக்கும். இரண்டு சேனலிலும் கெப்பாசிட்டரை மாற்றினேன். கன்ட்ரோலோடு சேர்த்தே செய்திருக்க வேண்டிய வேலை.

அதன் பிறகு இன்றுவரை குமிழைத் திருப்பினால் சத்தமே இல்லை. ஒரே குறை, பழையதில் நடுவில் 'டிக்' என்று ஒரு பிடிப்பு இருக்கும், இதில் அது கிடையாது. தண்டும் கொஞ்சம் மெலிசு. பழைய அலுமினியக் குமிழ் ஆடாமலிருக்க, தண்டின் பிளவில் ஒரு செம்புக் கம்பி இழையைச் செருகி வைத்திருக்கிறேன்.