முதல் இருவரா, முதல் நால்வரா?

அமெரிக்காவில் நவம்பர் பொதுத்தேர்தலின் வாக்குச்சீட்டில் யார் பெயர் இருக்கும் என்பதைப் பெரும்பாலான மாநிலங்களில் கட்சிவாரியான முதன்மைத் தேர்தலே, அதாவது ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்சுற்று வாக்கெடுப்பே முடிவு செய்கிறது. அதில் வாக்களிக்க வருபவர்கள் குறைவு. வருபவர்களில் கட்சித் தீவிரர்கள் அதிகம். 2010இல் அலாஸ்கா செனட்டர் லிசா முர்கோவ்ஸ்கி குடியரசுக் கட்சியின் முதன்மைத் தேர்தலில் ஜோ மில்லரிடம் தோற்றார். நவம்பரில் வாக்குச்சீட்டில் பெயரே இல்லாதபோதும், வாக்காளர்கள் அந்தச் சிக்கலான பெயரைத் தம் கையால் எழுதி அவரை வெல்ல வைத்தார்கள்! கட்சி கழித்துவிட்டவரை மாநிலம் விரும்பியிருக்கிறது.

அதே 2010இல் கலிஃபோர்னியா மாற்று வழி ஒன்றை ஏற்றது. எல்லாக் கட்சியினரும் ஒரே பட்டியலில் போட்டியிடுவார்கள். முதல் இருவர் மட்டும் நவம்பருக்குப் போவார்கள். 2012இல், முதல் தேர்தலிலேயே, சான் பெர்னார்டினோ பகுதியின் 31ஆம் நாடாளுமன்றத் தொகுதியில் இதன் ஓட்டை தெரிந்துவிட்டது. ஜனநாயகக் கட்சியினர் நால்வர், குடியரசுக் கட்சியினர் இருவர். நால்வருக்கிடையே வாக்குகள் சிதற, குடியரசுக் கட்சியினர் இருவருமே நவம்பருக்குப் போனார்கள். ஜனநாயகக் கட்சியின் ஒபாமா எளிதாக வென்ற தொகுதி அது. நவம்பரில் அங்கே ஜனநாயகக் கட்சி வேட்பாளரே இல்லை.

அலாஸ்கா 2020இல் நால்வரை அனுப்பத் தீர்மானித்தது. இறுதியில் விருப்ப வரிசைப்படி வாக்கு: வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்துவார்; யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் வந்தவர் நீக்கப்பட்டு, அவருக்கு விழுந்த வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கான 2022 இடைத்தேர்தலின் முதன்மைச் சுற்றில் 48 வேட்பாளர்கள். குடியரசுக் கட்சியின் சாரா பேலின் முதலிடம், அதே கட்சியின் நிக் பெகிச் இரண்டாமிடம். ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலா நான்காமிடம். மூன்றாமவர் விலகினார். இறுதிச் சுற்றில் கடைசியாக வந்து நீக்கப்பட்ட பெகிச்சின் வாக்காளர்களில் ஏறக்குறைய பாதிப் பேரே பேலினை இரண்டாவதாகக் குறித்திருந்ததால் பெல்டோலா வென்றார். கலிஃபோர்னிய விதி இருந்திருந்தால் அவர் பெயர் இறுதிச் சீட்டிலேயே இருந்திருக்காது.

நால்வர் முறையும் பழுதற்றதல்ல. 2024இல் அலாஸ்காவின் அதே பதவிக்கான முதன்மைச் சுற்றில் மூன்றாம், நான்காம் இடத்தவர்கள் விலகியதால், ஆறாமிடம் பெற்று நியூயார்க் சிறையில் இருந்த ஒருவர் இறுதிச் சீட்டில் ஏறினார். விலகியவர் இடத்தை நிரப்பாமல் விட்டால் தீரக்கூடிய கோளாறு இது. 31ஆம் தொகுதியில் நடந்ததற்கு அப்படி எளிய மருந்து இல்லை; இரண்டே இடம் என்றால் ஆள் அதிகமுள்ள கட்சிதான் அடிவாங்கும். ஆகவே என் ஓட்டு நால்வருக்கு. அலாஸ்காவிலோ, இம்முறையை நீக்கும் முன்மொழிவு 2024இல் ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில்தான் தோற்றது.