கரூர் வெயிலில் நாலு கோடை கண்ட பீட் பெட்டி

கம்ப்யூட்டர் துணையில்லாமல் தனியாக இசை அமைக்கும் பெட்டி ஒன்றை 2021 தை மாதம் வாங்கினேன். விரலால் தட்டி வாசிக்கப் பதினாறு ரப்பர் பேட், ஒரு தொடுதிரை, உள்ளேயே பேட்டரி. மின்விசிறி கிடையாது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் வரும், அதில் பாதி என் தப்பு.

வாங்கும் முன் நான் படித்த விமர்சனங்கள் எல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. சூட்டைப் பற்றி ஒரே வரிதான் இருக்கும்: "பயன்படுத்தும்போது லேசாக வெதுவெதுப்பாகிறது." நான் இருப்பது கரூரில். கோடையில் மாநிலத்திலேயே அதிக வெப்பம் பதிவான ஊர்ப் பட்டியலில் கரூர் பரமத்தி பெயர் அடிக்கடி வரும். என் அறை மாடியில், காங்கிரீட் தளத்துக்கு நேர் கீழே. பகல் முழுக்க வெயிலைக் குடித்த தளம் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் அதைக் கீழே இறக்கிவிட ஆரம்பிக்கும். வேலை முடிந்து வந்து நான் பெட்டியைத் திறக்கும் நேரமும் அதுதான்.

தை, மாசி வரை ஒரு சிக்கலும் இல்லை. பம்பை, உடுக்கை, பறை எல்லாம் பதிவு செய்து பேட்களில் போட்டு, வள்ளி கும்மி நடைக்கு அடியில் ஒரு பேஸ் ஓட விட்டு நாலைந்து துண்டுகள் செய்தேன். சித்திரை பிறந்தது. தை மாதம் வெண்ணெய்போல் ஓடிய அதே பாட்டு, ஒரு மணி நேரம் கழித்து 'டிக் டிக்' என்று உடைய ஆரம்பித்தது. முதலில் கேபிளை மாற்றினேன். அப்புறம் மெமரி கார்டை. அப்புறம் ஹெட்போனை. அடியில் கை வைத்துப் பார்க்கவேண்டும் என்று தோன்ற மூன்று வாரம் ஆயிற்று. வைத்தேன், சுரீர் என்றது.

என்ன நடக்கிறது என்பது இதுதான். 2017 வாக்கில் அகாய் கம்பெனியின் எம்பிசி லைவ், எம்பிசி எக்ஸ் மாதிரிப் பெட்டிகள் வந்ததிலிருந்து இந்த வகைக் கருவிகளில் பல உள்ளுக்குள் கிட்டத்தட்ட ஒரு செல்போன்தான். அதே ரக பிராசசர், அதே மாதிரி போர்டு. ஒலியைச் சிறு சிறு கட்டுகளாகக் கணக்குப் போட்டு அனுப்பும். நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் அளவுப் புள்ளி), ஒரு கட்டுக்கு 128 சாம்பிள் என்றால், ஒவ்வொரு கட்டையும் முடிக்க சுமார் 2.9 மில்லி செகண்டுதான் கிடைக்கும். பிராசசர் ஒரு எல்லைக்கு மேல் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். செல்போனில் இது நடந்தால் வீடியோ கொஞ்சம் திணறும், அவ்வளவுதான். இங்கே கட்டு நேரத்துக்கு வந்து சேராது. அந்த ஓட்டைதான் 'டிக்'.

சரி, அளந்து பார்க்கலாம் என்றால் கையில் இருந்தது கொரோனா காலத்தில் எல்லாக் கடை வாசலிலும் நெற்றிக்கு நீட்டிய அந்தத் துப்பாக்கி. அது உடம்புச் சூட்டுக்கு மட்டும் செய்தது. பெட்டியின் அடியில் காட்டினால் 'ஹை' என்று மட்டும் காட்டிவிட்டு நின்றுகொண்டது. அப்புறம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கும் நண்பன் ஒரு தொழில் ரகத் துப்பாக்கியைக் கொடுத்தான். அதுவும் முதல் நாள் ஏமாற்றியது. கை வைக்க முடியாத தகட்டை 38 என்றது. பளபளக்கும் அலுமினியத்தை அகச்சிவப்புக் கருவியால் சரியாகப் படிக்க முடியாது. ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன் மேல் குறி வைத்தால்தான் உண்மை வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எடுத்த முதல் வார அளவுகளை எல்லாம் கிழித்துப் போட்டேன்.

டேப் ஒட்டிய பிறகு எழுதி வைத்ததில் இரண்டு அளவைச் சொல்கிறேன். தை மாதம் அறை 26 டிகிரி, இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு அடித்தகடு 45. கத்திரியில் அறை 37, அடித்தகடு 57. பெட்டி தன் பங்குக்குச் சேர்ப்பது எப்போதும் பத்தொன்பது, இருபது டிகிரிதான். மீதி எல்லாம் அறையின் சூடு. பொள்ளாச்சியில் இதே பெட்டி வைத்திருக்கும் நண்பனிடம் என் பாட்டை அனுப்பி ஓட்டச் சொன்னேன். ஒரு உடைசல் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அவன் ஜன்னலுக்கு வருகிறது, எனக்கு வருவது அனல். "உன் பெட்டியில ஏதோ கோளாறு மச்சா" என்றான். கோளாறு பெட்டியில் இல்லை, நான் குடியிருக்கும் மாடியில்.

என் தாய்மாமா காந்திகிராமம் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். பெட்டியை அவரிடம் கொண்டுபோனேன். அடியில் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, தோசக்கல்லா இது?" என்றார். நான் பயந்துகொண்டே கேட்டபோது அவர் சொன்னதுதான் நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான பாடம். "வெளிய சுடறது தப்பில்ல மாப்ள. உள்ள நிக்கிற சூடுதான் தப்பு. மோட்டார் பாடியில எதுக்கு வரிவரியா துருத்தி வெச்சிருக்கான்? சூட்ட வெளிய தள்ளத்தான். உம் பெட்டி தள்ளுது. நீ அத வாங்கிக்க காத்து குடுக்கோணும்."

மின்விசிறி இல்லாத பெட்டியில் உலோக உடம்பேதான் ஹீட் சிங்க். பிராசசர் சூட்டைத் தகட்டுக்குக் கொடுக்கிறது, தகடு காற்றுக்குக் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் உடம்பு கொண்ட சிறு பெட்டி ஒன்றும் என்னிடம் இருந்தது. தொட்டால் குளுகுளு. ஆனால் கோடையில் முதலில் தடுமாறுவது அதுதான். தொட்டுப் பார்த்து நல்லது கெட்டது சொல்லக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மாமா சொன்னதைக் கேட்காமல் நான் என் புத்திக்கு ஒன்று செய்தேன். பஸ் பாடிப் பட்டறையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வெட்டி வாங்கி, பெட்டிக்கு அடியில் மெத்தை மாதிரி போட்டேன். ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. பெட்டிக்கு ரப்பர் கால் இருக்கிறது, தகட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் சந்து. தொடாத தகடு சூட்டை எங்கே வாங்கும்? அதை இப்போது மடித்து ஸ்பீக்கர் ஸ்டாண்ட் ஆக்கியிருக்கிறேன். ஐஸ் பையை அடியில் வைக்கச் சொன்னவர்களும் உண்டு. செய்யாதீர்கள். குளிர்ந்த தகட்டில் காற்றின் ஈரம் வியர்த்துப் போர்டில் இறங்கினால், சூடு பத்து வருடத்தில் செய்வதை அது ஒரே ராத்திரியில் செய்துவிடும்.

வேலை செய்தது நாலு வேப்பமரக் கட்டைதான். ரப்பர் காலுக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டர் உயரம் கொடுத்தேன், அடித்தகடு நாலு டிகிரி இறங்கியது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை அந்தச் சந்துக்கு நேராக வைத்தேன், இன்னும் ஏழு இறங்கியது. அது பன்னிரண்டு வோல்ட் விசிறி. யுஎஸ்பியின் ஐந்து வோல்ட்டில் ஓட்டினால் மெதுவாகச் சுற்றும், சத்தமே வராது. முதலில் கடையில் விற்கும் குட்டி யுஎஸ்பி விசிறியை வைத்துப் பார்த்தேன். உடுக்கையைப் பதிவு செய்யும்போது அதன் 'ஙொய்' சத்தமும் சேர்ந்தே பதிவானது. பெரிய விசிறியை மெதுவாக ஓட்டுவதுதான் நல்லது. கரூரில் தறிப் பஞ்சு எங்கும் பறக்கும். மாதம் ஒருமுறை விசிறி இறக்கைகளைத் துடைக்காவிட்டால் கம்பளி போர்த்திக்கொள்ளும். அந்த ஒரு விஷயத்தில் விசிறி இல்லாத மூடிய பெட்டி எனக்கு வரம்தான், பஞ்சு உள்ளே போக வழியில்லை.

பாட்டு அமைக்கும் பழக்கத்தையும் மாற்றினேன். ஒவ்வொரு டிராக்குக்கும் தனி ரிவர்ப் (எதிரொலி) வைப்பதை விட்டு, ஒரே ரிவர்ப்பை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்தேன். பெட்டியே கணக்குப் போட்டு ஒலி உண்டாக்கும் சிந்த் டிராக் முடிவானதும் அதை உடனே ஆடியோவாக மாற்றிவிடுவேன். பிராசசருக்குக் கணக்குக் குறைந்தால் சூடும் குறையும். கத்திரியில் மட்டும் பஃபரை, அதாவது ஒரு கட்டுக்கான சாம்பிள் எண்ணிக்கையை, 256க்கு ஏற்றிக்கொள்வேன், பேட் தட்டும்போது வரும் சின்னத் தாமதம் பழகிவிட்டது. அதைவிடப் பெரிய மாற்றம், ராத்திரி வேலையை விட்டு வெடியால நாலரைக்கு எழுந்தது. அறை 29, 30 டிகிரியில் இருக்கும். பெட்டிக்கும் நல்லது, எனக்கும் புத்தி வேலை செய்கிறது. வீட்டில் மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை.

இத்தனையும் பிராசசருக்காகச் செய்தது. நாலு வருடத்தில் பிராசசருக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்தது வேறு இரண்டு.

முதலில் போனது அடாப்டர், 2022 வைகாசியில். அரை மணிக்கு ஒருமுறை சார்ஜ் ஏறுவது தானாக நின்று திரும்ப வரும். சூட்டினால் நிற்கிறது என்று நினைத்து ஒரு மாதம் பெட்டியையே குளிரவைத்துக்கொண்டிருந்தேன். அடாப்டரோ மேசைக்குக் கீழே, ஜங்ஷன் பாக்ஸ் பக்கத்தில், மேலே ஒரு பழைய ஜமக்காளத்தோடு கிடந்தது. அதனுள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு: பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, பத்து ஏறினால் பாதி. மோட்டார் வைண்டிங் இன்சுலேஷனுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான், மாமாவுக்கு மனப்பாடம். புது அடாப்டரை இப்போது சுவரில் ஒரு ஆணியில், காற்றுப்படத் தொங்க விட்டிருக்கிறேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது. மூன்றாவது வருடம் ஓடுகிறது.

அடுத்தது பேட்டரி. 2023 ஆவணியில் பெட்டி மேசையில் ஒரு பக்கம் ஆடியது. கட்டைதான் சரியில்லை என்று காகிதம் மடித்து முட்டுக் கொடுத்தேன். ரெண்டு நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால் அடித்தகடு நடுவில் லேசாக உப்பியிருந்தது. லித்தியம் பேட்டரி வீங்கிவிட்டது. அது முழுக்க என் தப்பு. பொதுவாக 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. நான் 57 டிகிரித் தகட்டுக்கு உள்ளே இருந்த பேட்டரியை, அடாப்டரைக் கழற்றாமல், நூறு சதவீதத்திலேயே ரெண்டு கோடை வைத்திருந்தேன். சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். வீங்கினால் அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றினேன். சர்வீஸ் சென்டரில் புது பேட்டரி வர மூன்று மாதம் இழுத்தார்கள். நானும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பேட்டரி இல்லாமலே என் பெட்டி ஓடுகிறது. கரண்ட் போனால் தாங்க ஒரு சின்ன யுபிஎஸ். பேட்டரி போன பிறகு பெட்டி இன்னும் மூன்று டிகிரி குளிர்ச்சி.

வெளியூர் அனுபவம் ஒன்று. போன வைகாசியில் அரவக்குறிச்சிப் பக்கம் ஒரு மாரியம்மன் நோம்பி. நிகழ்ச்சி ராத்திரி, ஆனால் ஒலி சரிபார்க்க மூணு மணிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். மேடைக்குத் தகரக் கூரை. அரை மணியில் திரையின் ஒரு ஓரம் கறுக்க ஆரம்பித்தது. எல்சிடி திரைக்கு ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டினால் உள்ளிருக்கும் திரவப் படிகம் ஒழுங்கு இழந்து கறுத்துவிடும். நிழலுக்குக் கொண்டுபோய் அட்டையால் விசிறினேன், பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. நான் அந்தப் பக்கம் விசிறிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் பறைக்காரர்கள் வைக்கோல் கொளுத்திப் பறையைத் தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "ஏனுங் தம்பி, உங்களுது சூடு பட்டா பேசாதுங்களா?" என்றார். பேசாதுங்க என்றேன். "எங்களுது சூடு பட்டாத்தானுங் பேசும்" என்று சிரித்துவிட்டுப் போனார். இப்போது பெட்டியின் மேல் ஒரு வெள்ளை வேட்டித் துண்டைக் கூடாரம்போல் கட்டித்தான் வெளியில் வைக்கிறேன், துணி பெட்டியைத் தொடாமல். காரில் வைத்துப் பூட்டிவிட்டு விருந்துக்குப் போவது அறவே கிடையாது.

இன்று விற்பாயா என்றால் மாட்டேன். விசிறி, கட்டை, ஆணி எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. இன்னொன்று வாங்குவதாக இருந்தால் பேட்டரி இல்லாத ரகத்தைத்தான் வாங்குவேன்.

தீராத ஒன்று மட்டும் பாக்கி. இடப்பக்கக் கீழ் வரிசையில் இரண்டாவது பேட், ஒரு தட்டுக்கு ரெண்டு முறை அடிக்கிறது. சித்திரையில் ஆரம்பித்து ஆடிக் காற்று வந்ததும் நின்றுவிட்டது, போன வருடமும் அப்படித்தான். ரப்பர் இளகுகிறதா, அடியில் உள்ள சென்சார் தாளா, அல்லது நான் பறை அடிக்கிற கையா என்று பிடிபடவில்லை. உணர்திறனை ரெண்டு படி குறைத்து வைத்து ஓட்டுகிறேன். அடுத்த கத்திரிக்கு அந்தப் பேட்டின் மேலேயும் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அளக்க வேண்டும்.