ஸ்டாப் மோஷன் பழக வாங்கிய கூஸ்நெக் ஸ்டாண்ட்: ஒரு வருடம் ஆன பிறகு

பொம்மையையோ காகிதத்தையோ துளித்துளியாக நகர்த்திப் படமெடுத்து ஓடவிடுவதுதான் ஸ்டாப் மோஷன்; அதற்காக நான் வாங்கிய, வளையும் கழுத்துள்ள இந்த மொபைல் ஸ்டாண்டின் விலை போன வாரம் பாதியாக இறங்கிவிட்டது. "உன்கிட்டதான் இருக்கே, வாங்கலாமா?" என்று தோழி கேட்டாள். ஒரே வரியில் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். எரிச்சல் ஒரு வரியில் அடங்கவில்லை.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். மேசை விளிம்பில் இறுக்கும் கிளாம்ப் உடும்பு மாதிரி பிடிக்கிறது. மொபைலைக் கவ்வும் வாயும் இன்னும் தளரவில்லை. காகிதத் துண்டுகளை மேசையில் பரப்பி மேலிருந்து எடுக்கும்போது சாதாரண ட்ரைபாட்டின் கால்கள் ஃப்ரேமுக்குள் வந்து தொலைக்கும்; இதில் அந்தத் தொல்லை இல்லை. வீடியோ காலுக்கோ சமையல் வீடியோவுக்கோ வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு குறையும் தெரியப்போவதில்லை.

ஸ்டாப் மோஷனுக்கு வாங்குகிறவர்களுக்குத் தெரியும். இதன் கழுத்து தொங்குகிறது.

சட்டென்று தொங்கினால்கூடப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். இது தொங்குவது நூல் அளவு, அதுவும் கமுக்கமாக. நொடிக்கு 12 ஃப்ரேம் என்று வைத்தாலும் பத்து நொடிக் காட்சிக்கு 120 படம் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் களிமண் யானையின் காலைத் துளி நகர்த்தி, தும்பிக்கையைத் துளி வளைத்து, கையை வெளியே எடுத்து, அப்புறம் கிளிக். அரை நாள் போய்விடும். அந்த அரை நாளில் கழுத்து இறங்கியதெல்லாம் பத்து நொடிக்குள் ஓடும்போது, யானை ஒழுங்காக நடக்கிறது, மேசைதான் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

ஆப்பில் ஆனியன் ஸ்கின் இருக்கிறதே என்பீர்கள். முந்தைய படத்தை மங்கலாக மேலே காட்டும் அந்த வசதி இல்லாவிட்டால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். ஆனால் அது காட்டுவது முந்தைய ஒரு படத்தை மட்டும்தானே? ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் விழும் சரிவு மயிரிழைகூட இருக்காது. எதுவும் தெரியாது.

கடைசியில் கைகொடுத்தது, கேமரா திரையில் கட்டம் கட்டமாகக் காட்டும் கிரிட் கோடு. பின்னால் ஒட்டிய சார்ட் பேப்பரில், திரையில் இரண்டு கோடுகள் வெட்டும் இடத்துக்கு நேராக மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தேன். பொம்மை அதை மறைக்காத மூலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். புள்ளி கோட்டை விட்டு விலகினால் கழுத்து இறங்கிவிட்டது என்று அர்த்தம். கையால் நிமிர்த்தினால் வேண்டியதற்கு மேலேயே நிமிர்கிறது, அதிலும் ஒரு திமிர். அதனால் நுனியில் சணல் கட்டி ஜன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டினேன். அதன்பிறகு அசையவே இல்லை. நடுவில் அம்மா அந்தச் சணலில் கைக்குட்டை காயப்போட்டார். "சும்மாதானே கட்டியிருக்கே?" என்றார். அந்தக் காட்சி போயிற்று. அதற்கு ஸ்டாண்டைக் குறைசொல்ல முடியாது.

திரையைத் தொட்டுக் கிளிக் செய்தாலும் கழுத்து ஆடும். வயர் இயர்போனின் வால்யூம் பட்டன் பல கேமரா ஆப்களில் ஷட்டராக வேலை செய்கிறது, அதையே வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், வைட் பேலன்ஸ் (வண்ணச் சாயல்) மூன்றையும் தானாக மாறாதபடி லாக் செய்துவிடுங்கள், இல்லையென்றால் படத்துக்குப் படம் வெளிச்சம் துடிக்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் பதிவாகும். காகித வேலை என்றால் ஃபேனையும் நிறுத்த வேண்டும். மே மாதத்தில் அதைச் செய்துபாருங்கள், களிமண்ணுக்கு முன்னால் நீங்கள் இளகிவிடுவீர்கள்.

தோழிக்கு என் பதில்: வாங்காதே. கனமான அடிப்பாகமும் திருகி இறுக்கும் மூட்டுகளும் உள்ள கை ஸ்டாண்டுக்குக் காசு சேர். எனக்கு மட்டும் இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், விளக்கு மாட்ட. அதுவும் தொங்கும், நிழல் ஊரும், எல்லாம் தெரியும். பாதி விலைக்குத் தருகிறானே, என்ன செய்ய?