சேர்வராயன் மலையில் மக்களைத் தேடி மருத்துவம்: மாத்திரை வருகிறது, அளவு திருத்தமும் வர வேண்டும்

சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் இந்த அரசுத் திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதன் அருமை நன்றாகத் தெரிவது ஏற்காட்டைச் சுற்றியுள்ள நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடை போன்ற மலையூர்களில்தான். மூன்று அட்டை மாத்திரைக்கு ஒரு நாள் கூலியை விடவேண்டும் என்றால் யாரும் நாலாம் மாதம் நிறுத்திவிடுவார்கள். வலியே காட்டாத நோய்க்கான மாத்திரையை நிறுத்த அந்தக் காரணம் ஒன்றே போதும். அந்தத் தடையை இத்திட்டம் எடுத்துவிட்டது. மருந்து விநியோகத்துக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகத் தரலாம். தொடர் சிகிச்சைக்கு மூன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை.

மருந்து எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எங்கே தடைபடும் என்பதும் புரியும். 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கிக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. மருத்துவ நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் வரவு வைத்த தொகைக்குள் மருந்து எடுக்க வேண்டும். கிடங்கிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், பிறகு துணை சுகாதார நிலையம், கடைசியில் வீடு வீடாக வரும் சுகாதாரத் தன்னார்வலரின் கைப்பை. முகாமில் ஒரே நாளில் இருபது பேருக்குப் புதிதாக நோய் தெரியவந்து, தேவைப்பட்டியலைப் போன மாதக் கணக்கிலேயே எழுதினால், மாதக் கடைசியில் அட்டை குறையத்தான் செய்யும்.

ரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபின் 5 மி.கி. நாளைக்கு ஒன்று என்றால் மாதத்துக்குப் பத்து மாத்திரை அட்டை மூன்று. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் 500 மி.கி. இரு வேளை என்றால் ஆறு அட்டை. கையில் ஒரு வாரத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததைக் கேட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டிகள் குப்பனூர் வழியாகச் சுற்றித்தான் ஏற வேண்டும். மலைக்கு மேலே உள்ளவர்களுக்குப் புரட்டாசி முடிவதற்குள் இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுத்துவிடுவதே சரி. அட்டையைத் துண்டு துண்டாக வெட்டாமல் மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். ஏற்காட்டு ஈரம் மாத்திரைக்கு ஆகாது.

தொடர் சிகிச்சைக்கு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் இதுதான். தன்னார்வலர் கொதிப்பையும் சர்க்கரையையும் அளந்து பார்க்கலாம், எழுதலாம், மாத்திரை தரலாம். மருந்தின் அளவை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. அது மருத்துவர் வேலை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் இரண்டு மாதம் தொடர்ந்து கொதிப்பு 140/90-க்கு மேலே நின்றால், மருந்தின் அளவைக் கூட்டவோ இன்னொரு மருந்தைச் சேர்க்கவோ வேண்டியிருக்கும். வீட்டிலேயே மருந்து கிடைப்பதால் நோயாளி மருத்துவரைப் பார்ப்பதே நின்றுவிடுகிறது. அதே 5 மி.கி. வருடக் கணக்கில் போகிறது, கொதிப்பு 160-லேயே நிற்கிறது, குடும்பமோ ‘மாத்திரைதான் சாப்பிடுகிறாரே’ என்று நிம்மதியாக இருக்கிறது. பக்கவாதம் வருவது இப்படிப்பட்ட வீடுகளில்தான். 140-ஐத் தாண்டிய எண்ணைச் சிவப்பு மையில் எழுதி, அந்தப் பெயர்களை வாரம் ஒரு நாள் மருத்துவர் முன் வைத்தாலே இந்த ஓட்டை அடைபடும். 180/110-ஐத் தொட்டால் வாரம் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பார்க்க வேண்டும்.

ஆனால் எண் சரியாக இருந்தால்தானே முடிவு சரியாக இருக்கும்? குளிருக்குப் போட்ட ஸ்வெட்டருக்கு மேலேயே கொதிப்பு அளக்கும் பட்டையைக் கட்டுவது மலையில் சுலபமாக நேரும் தவறு. ஸ்வெட்டர் கையை இறுக்கிச் சுருட்டிவிட்டுக் கட்டினாலும் தப்பாகவே காட்டும். ஸ்வெட்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மேட்டில் ஏறி வந்தவரை ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வையுங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பேச்சு வேண்டாம். காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும், காபித் தோட்டத்து ஊர்களில் இதைக் கேட்காமல் விடக்கூடாது. சர்க்கரைக்குக் குத்தும் முன் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும்; ஆரஞ்சு உரித்த விரலில் ஒட்டிய சாறே சர்க்கரையை வெகுவாகக் கூட்டிக் காட்டிவிடும். விரல் குளிர்ந்திருந்தால் வெந்நீரில் கழுவினால் ரத்தம் தானாக வரும், பிதுக்கக் கூடாது. சோதனைப் பட்டை இருக்கும் குப்பியை எடுத்தவுடன் மூடிவிட வேண்டும். பனிமூட்டத்தில் திறந்து கிடந்த பட்டையை நம்ப முடியாது.

தனியார் மருத்துவரிடமிருந்து இத்திட்டத்துக்கு மாறுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே ரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரை எழுதியிருப்பார்கள். இங்கே தனித்தனியாக வரும். பழைய அட்டையையும் புதியதையும் சேர்த்து விழுங்கினால் மருந்து இரட்டிப்பாகி, எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். பழைய அட்டைகள் எல்லாவற்றையும் முதல் நாளே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தோட்ட வேலைக்குப் போகிறவர்களைப் பகலில் வீட்டில் பார்க்க முடியாது. பழம் பறிக்கும் மாதங்களில் அறவே முடியாது. வேலையிடத்திலோ மாலையிலோ பார்க்க ஏற்பாடு வேண்டும். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு வெறும் காபியோடு வேலைக்கு இறங்குபவருக்குப் பத்து மணிக்கே வியர்த்து, கை நடுங்கும். சர்க்கரை 70-க்குக் கீழே போனதன் அறிகுறி அது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) வீட்டுக்கே வருகிறது. ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு அன்றாடம் செய்ய வேண்டிய பயிற்சியை வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்ளாவிட்டால், எப்போதாவது வரும் அந்த ஒரு நாளால் பெரிய பலன் இருக்காது.

சிறுநீரகம் செயலிழந்து, வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் திரவப் பைகளை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பது இத்திட்டத்தின் பெரிய உதவி. நாளைக்கு மூன்று பை என்றால் மாதம் தொண்ணூறு. சின்ன வீட்டில் சுவரையொட்டிய ஈரமில்லாத இடத்தை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். வெளியே வரும் திரவம் தெளிவாக இருக்க வேண்டும். அரிசி களைந்த நீர்போல் கலங்கலாக வந்தால் தொற்று என்றே எடுத்துக்கொண்டு, தன்னார்வலரின் அடுத்த வருகைக்குக் காத்திராமல் அன்றே சிகிச்சை பெறும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், அந்தக் கலங்கிய பையையும் கையோடு எடுத்துக்கொண்டு.